தவசிமுத்துவின் குதிகாலும் அளத்துத் தெரு வீடுகளும்

அளத்துத் தெருவில் ரோடு வளர்ந்துகொண்டே போனது, வீடுகள் தாழ்ந்துகொண்டே போயின. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோட்டை ஊற்றி, அது பெயர்ந்ததும் அதற்கு மேலேயே இன்னொன்றை ஊற்றி, இப்படி ஏழு ரோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கிடந்த அந்தத் தெருவில், ஒரு காலத்தில் ஏறி நுழைந்த வீடுகளுக்குள் இப்போது ஆட்கள் தொட்டிக்குள் இறங்குவதைப் போல இறங்கினார்கள். ஐப்பசி பிறந்தால் உப்பளத்துப் பக்கமிருந்து தண்ணீர் வரும், வந்தால் முழங்காலுக்கு நிற்கும். அதற்காக எல்லா வாசலிலும் ஒரு சாண் உயரத்துக்குச் சிமெண்டுத் திண்டு ஒன்று குறுக்கே கட்டியிருந்தார்கள். தண்ணீர் அந்தத் திண்டைத் தாண்ட எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் அரிசியையும் ஆதார் அட்டையையும் பீரோவுக்கு மேலே ஏற்றிவிடலாம், அதற்குமேல் அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அந்தத் தெருவில் குடியிருக்கிற தவசிமுத்துவுக்கு வயது நாற்பத்தேழு. பகலில் உப்புக் கம்பெனி எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுவார். சாயங்காலம் கோயில் மைதானத்தில் பூப்பந்து ஆடுவார். மஞ்சள் கம்பளிப் பந்தை ஐந்து பேரும் ஐந்து பேருமாக வலைக்கு இரண்டு பக்கமும் நின்று அடிக்கிற அந்த ஆட்டத்தில், அளத்துத் தெரு அணிக்கு இருபத்திரண்டு வருஷமாக நடுவில் நிற்கிற ஆள் அவர்தான். கப்பு வாங்கிக் குவித்த ஆள் என்றெல்லாம் சொல்ல முடியாது. ஆனால் வேலை முடிந்து மேலெல்லாம் உப்புப் பொரிந்து வீட்டுக்கு வருகிறவருக்கு, அந்தப் பந்தை எட்டிக் குதித்து அடிக்கிற ஒரு விநாடியில்தான் தான் உயிரோடு இருப்பது தெரியும்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்படிக் குதித்து இறங்கியபோது, வலது குதிகாலுக்குப் பின்னால், கெண்டைக்கால் சதை கயிறு மாதிரி ஒடுங்கிக் குதியில் போய் முடிச்சுப் போடுகிற இடத்தில், யாரோ பின்னாலிருந்து மட்டையால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தார், பின்னால் யாருமில்லை. மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கியபோது தரை முழுக்கக் கண்ணாடிச் சில்லு கிடப்பதுபோல் இருந்தது. எண்ணெய் தடவினார், செங்கல்லைச் சுட்டு ஒத்தடம் கொடுத்தார், மாத்திரை தின்றார், மட்டையைப் பரணில் போட்டார். இரண்டு மாதம் ஓய்வெடுத்த பிறகு பெரியாஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிற ஜெசிந்தாவிடம் போய் நின்றார்.

"இத்தனை நாள் ரெஸ்ட் எடுத்தீங்களே அண்ணாச்சி, வலி போச்சா?"

"எங்க போச்சு. நான் எப்ப எந்திரிப்பேன்னு கட்டிலுக்கு அடியில படுத்துக்கிடக்கு."

"நீங்க படுத்தா அதுவும் கூடப் படுக்கும். அந்த நரம்புக்கு வேலை குடுக்கணும். உங்க வீட்ல படி இருக்கா?"

"திண்டு இருக்கு, தண்ணி தடுக்க."

"அது போதும். முன்னங்காலை மட்டும் திண்டுல வச்சு, குதிகாலைப் பின்னால அந்தரத்துல விட்டு நில்லுங்க. ரெண்டு காலாலயும் எழும்புங்க. எழும்பினதும் நல்ல காலைத் தூக்கிக்கிட்டு, வலிக்கிற காலை மட்டும் வச்சு மெதுவா, மெதுவா, திண்டுக்குக் கீழ போற வரைக்கும் குதிகாலைத் தாழ்த்துங்க. முட்டியை நீட்டிப் பதினஞ்சு பதினஞ்சா மூணு தடவை, மடக்கி மூணு தடவை. காலையில தொண்ணூறு, சாயங்காலம் தொண்ணூறு. பன்னெண்டு வாரம்."

"வலிக்குமே, தாயி."

"வலிக்கும். தாங்குற வலின்னா செய்ங்க. ஆனா மறுநாள் காலையில அதுகிட்ட விசாரிங்க. கூடுதலா வலிச்சா, முந்தின நாள் நீங்க செஞ்சது அதிகம். ஒரு நாளும் விடக் கூடாது, நீங்களா ஒண்ணும் கூட்டவும் கூடாது. அந்த ஒத்தைக் காலால, எதையும் பிடிக்காம, வலியில்லாம என்னைக்கு எழும்புறீங்களோ அன்னைக்கு மட்டையத் தொடலாம். அதுக்கு முன்னாடி ஆடினீங்கன்னா என் பக்கம் வராதீங்க."

அணித் தலைவர் லிவிங்ஸ்டன் மூன்றாவது வீட்டுக்காரர். பொங்கல் போட்டிக்குக் கார்த்திகைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், அதுவரை நடு இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குமேல் போனால் தம்பி மகனை நிறுத்த வேண்டிவரும் என்றும் அவர் சொல்லியிருந்தார். தவசிமுத்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஆவணி முதல் தேதி காலையில், கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி திண்டில் ஏறி நின்றார்.

அவர் குதிகால் தாழத் தாழ, வீடு எழும்பியது.

முதலில் கண்டுபிடித்தது அவருடைய மனைவி சந்திரபுஷ்பம். ஒன்பதாம் நாள், குளியலறையில் எப்போதும் கெட்டிநிற்கிற தண்ணீர் யாரோ கூப்பிட்டதுபோல் விறுவிறுவென்று வெளியே ஓடியது. அவள் வாசலுக்கு வந்து, குனிந்து, ரோட்டின் ஓரத்தில் கையை வைத்து அளந்து பார்த்தாள்.

"ஏங்க, வீடு எந்திரிச்சிருக்கு."

"பதிமூணு," என்றார் தவசிமுத்து.

"மூணு விரற்கடை எந்திரிச்சிருக்கு."

"பதினாலு. பதினஞ்சு." அதற்குப் பிறகுதான் இறங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "சரி," என்றார். முட்டியை மடக்கிச் செய்கிற தவணை பாக்கி இருந்தது.

இப்படி மூன்று நாளுக்கு ஒரு விரற்கடை என்று வீடு மேலே வந்துகொண்டிருந்தது, தெருவும் அதற்கேற்பத் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. பால்காரர் பாக்கெட்டைக் குனிந்து வைப்பதை விட்டு நின்றபடியே வைத்தார். கரண்டு வயரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினார்கள். மாநகராட்சியிலிருந்து டேப்போடு வந்தவர் வீட்டைச் சுற்றிச் சுற்றி அளந்தார். வீடு தானாக எழும்புவதற்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் 'மராமத்து' என்று எழுதிக்கொண்டு போனார். ஜாக்கி வைத்து வீடு தூக்குகிறவர்கள் வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, ஜாக்கி இல்லை, செங்கல் இல்லை, ஒன்றுமே இல்லை என்று கண்டு, டீயைக் குடித்துவிட்டு, தங்களிலும் சிலபேருக்குக் கெண்டைக்காலில் வலி உண்டு என்று சொல்லி, பயிற்சியை எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். யாரோ திண்டுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். கால் வழுக்குகிறது என்று தவசிமுத்து அதைத் தேய்த்துக் கழுவினார்.

சங்கடப்பட்டவர் பக்கத்து வீட்டுப் பால்துரை ஒருவர்தான். இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்று. ஆகவே பால்துரை வீட்டின் மேற்குப் பக்கம் மட்டும் கூடவே எழும்பி, தோசைக்கல்லில் மாவு கிழக்கே ஓடி, தோசையெல்லாம் பிறை மாதிரி வந்தது.

"ஓய், தூக்குததுதான் தூக்குதீரு, ரெண்டு பக்கமும் பாத்துத் தூக்க வேண்டாமாவே?"

"உம்ம பக்கத்தை நீரு தூக்கும்."

"எனக்குக் குதிகால் வலிக்கலையே."

"என்கூட நாலு நாள் ஆட வாரும், வலிக்கும்."

பால்துரை யோசித்துப் பார்த்தார். தெருவே யோசித்துப் பார்த்தது. அதுவரை வலியை வெளியே சொல்வது கேவலம் என்றிருந்த அளத்துத் தெருவில் இப்போது குதிகால் வலிக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. பெண் கொடுக்க வந்தவர்கள்கூட மாப்பிள்ளைக்கு எந்தக் கால் என்று விசாரித்தார்கள். வருஷக்கணக்காய் மறைத்து நடந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் காட்டினார்கள், அதில் பால்துரையும் ஒருவர், அவர் வீட்டின் கிழக்குப் பக்கமும் எழும்பித் தோசை வட்டமாக வந்தது. வலிக்காதவர்கள் நொண்டினார்கள், ஆனால் அவர்கள் வீடு மயிரிழைகூட அசையவில்லை. இட்லிக் கடை வைத்திருக்கிற கிருபா இருபது வருஷம் அடுப்படியில் நின்று நின்று குதிகாலின் அடியில் வாங்கிக்கொண்ட வலியோடு திண்டில் ஏறி நின்றாள். அவள் வீட்டின் முன்பக்கம் மட்டும் எழும்பி, பின்கட்டு அப்படியே கிடந்தது. ஜெசிந்தாவிடம் போய்க் கேட்டதற்கு, "அது வேற வலி அக்கா, உங்களுக்கு விரலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வச்சுல்ல எழும்பணும்," என்று சொல்லி அனுப்பினாள். துண்டு வைத்த நாலாம் நாள் பின்கட்டும் வந்து சேர்ந்துகொண்டது. புரட்டாசி பாதிக்குள் காலையும் மாலையும் பதினாறு வாசலில் பதினாறு பேர் நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பியும் தாழ்ந்தும் நின்றார்கள். தெருவின் இரண்டு வரிசையும், பல் முளைக்கிற ஈறு மாதிரி, ஒரு வீடு உயரமும் ஒரு வீடு தாழ்வுமாய் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இந்த வருஷம் மழை முந்தும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

லிவிங்ஸ்டன் தெருவைக் கூட்டினார். பொறுமை என்பது அவருக்குத் தெரியாத ஆட்டம். "பாதி ஆட்டத்துல பின்தங்கினா என்ன செய்வோம்? வேகத்தைக் கூட்டுவோம். தவசி ஒரு நாளைக்கு நூத்தியெம்பது போடுதாரு. ஐந்நூறு போட்டாருன்னா பத்து நாள் வேலை நாலு நாள்ல முடிஞ்சுரும். முதல்ல ஒரு வீடு ரோட்டுக்கு மேல வரட்டும், பெறகு ஒவ்வொண்ணா வரும்."

"ஜெசிந்தா கூட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு," என்றார் தவசிமுத்து.

"அது ஆஸ்பத்திரிப் பிள்ளை, அப்படித்தான் சொல்லும். நீரு ஆட்டக்காரருவே."

ஆட்டக்காரர் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு மூன்று மாதத்துக்கு மேலாகியிருந்தது. அதுதான் அவரை விழத்தாட்டியது. மறுநாள் சாயங்காலம் தெரு முழுக்க அவர் வாசலில் கூடிக் கைதட்டி எண்ணியது. இறுதி ஆட்டத்துக்குத் தட்டுகிற மாதிரியே தட்டியது. தட்டத் தட்ட எண்ணிக்கை வேகமானது, எண்ணிக்கை வேகமாக வேகமாகக் குதிகாலும் வேகமாகத் துள்ளியது. யாரோ அரை மூடை உப்பைத் தூக்கி அவர் முதுகில் கட்டினார்கள். முந்நூறுக்கு மேல் அவருக்கு வலியே தெரியவில்லை. ஐந்நூறுக்கு வீடு ஒரே மூச்சில் இரண்டு விரற்கடை எழும்பியது, தெரு முனையில் வெடி போட்டார்கள்.

விடிந்து அவர் கட்டிலிலிருந்து காலை இறக்கியபோது, இறக்க முடியவில்லை. குதிகாலுக்குப் பின்னால் நெல்லிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவர் "அம்மா" என்று உட்கார்ந்த அதே நொடியில், வீடு ஏழு விரற்கடை கீழே உட்கார்ந்தது. அலமாரியிலிருந்து தட்டுகள் விழுந்தன, பால்துரை வீட்டில் தோசை மேற்கே ஓடியது.

இரண்டு நாள் அவர் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். துக்கம் கேட்க வருவதுபோல் ஆட்கள் வந்து போனார்கள். மூன்றாம் நாள் காலையில் லிவிங்ஸ்டன் வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: "போதும்வே, விட்டுரும். ஜாக்கிக்காரனைக் கூப்பிட்டுருவோம். பொங்கலுக்குத் தம்பி மவனை நடுவுல நிறுத்திப் பாக்கேன். உமக்கும் வயசாகுதுல்லா."

அவர் போன பிறகு புஷ்பம் உடைந்த தட்டுகளை முறத்தில் வாரிக்கொண்டே கேட்டாள். "உங்க எடைமேடையில லாரி ஏறின உடனே நம்பரை எழுதிருவீங்களா?"

"ஏறின உடனே எழுதினா தப்பாப் போகும். நம்பர் ஆடும். ஆடி நிக்கணும்."

"நின்னப்புறம்?"

"நின்னப்புறம்தான் எழுதணும்."

"ஊரு உப்புக்குக் காட்டுத பொறுமைய உங்க காலுக்குக் காட்டக் கூடாதா? நாலு பேரு கைதட்டினா மூளையக் கழத்தி வச்சிருவீங்களோ? எந்திரிங்க. எனக்குத் தையல் கிடக்கு."

அவர் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார். அவள் முதலில் திட்டினாள், பிறகு நிதானமாகச் சொன்னாள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், தாழ்த்தவும் வேண்டாம், இரண்டு காலாலும் பாதி எழும்பி, முக்கால் நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும், ஐந்து தடவை, காலை வலி அடங்க அடங்க, பழையதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம். "போனது போகட்டும் அண்ணாச்சி. இனிமே அந்தக் கால் சொல்ற கணக்குதான் கணக்கு. தெரு சொல்ற கணக்கு இல்ல."

சாயங்காலம் அவர் திண்டில் ஏறினார். அதைப் பார்த்து வந்து நின்ற லிவிங்ஸ்டன் பழைய பழக்கத்தில் கைதட்ட ஆரம்பித்தார். தவசிமுத்து இறங்கிப் போய், அவருடைய இரண்டு கையையும் பிடித்துச் சேர்த்து வைத்துவிட்டு, மறுபடி வந்து ஏறினார். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை.

பாதி எழும்பி நிற்பது ஐந்து தடவை, பத்து நாளைக்கு அதே ஐந்து தடவை. பிறகு தாழ்த்துவது மூன்று, பிறகு ஆறு, பிறகு பத்து, பிறகு பழைய பதினைந்து. ஒவ்வொரு தடவையும் குதிகால் கீழே போய், நடுக்கம் அடங்கி, இனி போக இடமில்லை என்று நின்ற பிறகுதான் அடுத்த எண்ணைச் சொன்னார். அவர் சொல்லும் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் ஒரு சைக்கிள் தெருவைக் கடந்துவிடும். மற்றப் பதினைந்து பேரும் முதலில் சலித்துக்கொண்டு, பிறகு அந்த எண்ணிக்கைக்குப் பழகி, பிறகு அதை விட்டு வெளியே வர முடியாமல் ஆனார்கள். டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் இரண்டு கிளாசுக்கும் இடையில் அதே நிதானத்தில் ஆற்றினார். கிருபா இட்லித் துணியை அதே நிதானத்தில் உரித்தாள், ஒரு இட்லிகூடப் பிய்யவில்லை. சண்டை போடுகிறவர்கள் ஒரு கெட்ட வார்த்தைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில், பாதிச் சண்டைகள் நடுவழியிலேயே மறந்துபோயின. வீடுகள் எழும்பின. ஆனால் ஐந்நூறு திருடிக்கொண்ட உயரத்தை அவை அவ்வளவு சுலபத்தில் திருப்பித் தரவில்லை.

ஐப்பசி முடிகிற வாரத்தில் மழை வந்தது. ஒரு பகல், ஒரு இரவு, மறுபடி ஒரு பகல் என்று விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலையில் உப்பளம் எது தெரு எது என்று தெரியாதபடி தண்ணீர் வந்து, ரோட்டைத் தாண்டி, தவசிமுத்துவின் திண்டைத் தொட்டு நின்றது. அவர் வீட்டுத் தரை இன்னும் ரோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது. அவர் வழக்கமான நேரத்துக்குத் திண்டில் ஏறி, நிலையைப் பிடித்து, முட்டியை நீட்டி நாற்பத்தைந்து, மடக்கி நாற்பத்தைந்து தாழ்த்தினார். கால்விரல்கள் தண்ணீர்ப் பக்கமும் குதிகால் வீட்டுக்குள்ளும் இருந்தன. தொண்ணூறு முடிந்தபோது தண்ணீர் திண்டின் விளிம்புக்கு வந்து, ததும்பி, எந்த நிமிஷமும் உள்ளே விழுகிற மாதிரி நின்றது.

"தவசி! ஒரு பத்து போடும்வே! எல்லாம் உள்ள போகப்போகுது!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பால்துரை கத்தினார்.

புஷ்பம் தையல் மிஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. தண்ணீரில் நனைந்த மோட்டார் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மூன்று மாதம் ஓடவில்லை. அவள் அவரைப் பார்த்தாள்.

"ஒரு அஞ்சு மட்டும் போட்டா..." என்று ஆரம்பித்து, தன் குரலைத் தானே கேட்டு, பாதியில் நிறுத்தினாள்.

தவசிமுத்துவுக்குக் கால் துடித்தது. வலியில் அல்ல, இன்னும் ஐந்து என்ன, ஐம்பது போடலாம் என்று அந்தக் காலே சொன்னது. இப்படிச் சொல்லித்தான் முன்பும் ஏமாற்றியது. அவர் நிலையிலிருந்து கையை எடுத்தார்.

"தொண்ணூறு ஆச்சு புஷ்பம். மீதி சாயங்காலம். நீ அந்தப் பக்கம் பிடி."

இருவரும் மிஷினைத் தூக்கிக் கட்டில்மேல் ஏற்றினார்கள். ஏற்றி முடிக்கவும் தண்ணீர் திண்டைத் தாண்டி, கூச்சப்படுகிற விருந்தாளி மாதிரி, ஓரம் ஓரமாக உள்ளே வந்தது. கணுக்கால் வரைக்கும் வந்தது. முழங்கால் வரைக்கும் வரவில்லை. அவர்கள் கட்டிலில் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, பழைய சோறு தின்றார்கள். பால்துரை அந்தப் பக்கமிருந்து ஏசிக்கொண்டே இருந்தார். ஒரு ஏச்சுக்கும் அடுத்த ஏச்சுக்கும் நடுவில் வெகுநேரம் ஆனது.

நாலரை மணிக்கு மழை கொஞ்சம் வெறித்தது. பதினாறு வாசலிலும் பதினாறு பேர் வந்து ஏறினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தெரு முழுக்கத் தண்ணீராய்க் கிடக்க, அதன் இரண்டு கரையிலும் ஆட்கள் எழும்பியும் தாழ்ந்தும் நிற்க, எண்ணிக்கை மட்டும் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு மெதுவாகத் தண்ணீரின் மேலே போனது. அந்தத் தண்ணீருக்குள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தலைக்குமேல் குடை, அக்குளில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டு என்று லிவிங்ஸ்டன் வந்து தவசிமுத்துவின் வாசலில் நின்றார்.

"நாளைக்குப் பேரு குடுக்கணும்வே. அஞ்சாவது பேரு எழுதலை. தம்பி மவன் கேட்டுக்கிட்டே இருக்கான். நீரு ஒரு வார்த்தை சொல்லும், நான் எழுதிட்டுப் போயிருதேன்."

தவசிமுத்து சாயங்காலத் தொண்ணூறை முடித்திருந்தார். ஜெசிந்தா சொன்ன அந்த ஒத்தைக்கால் சோதனையை மட்டும் அவர் இதுவரை செய்து பார்த்ததே இல்லை. பார்த்து, முடியாமல்போனால் என்ன செய்வது என்ற பயத்திலேயே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தார். இப்போது லிவிங்ஸ்டன் தண்ணீரில் நிற்கிறார், புஷ்பம் பின்னால் கட்டிலில் நிற்கிறாள். அவர் நிலையிலிருந்து இடது கையை எடுத்தார். பிறகு வலது கையையும் எடுத்தார். இடது காலைப் பின்னால் மடக்கினார். மூன்று மாதமாகத் தாழ மட்டுமே பழகிய அந்தக் குதிகால், எதையும் பிடிக்காமல், எதன்மேலும் சாயாமல், தனியாக எழும்ப ஆரம்பித்தது.

பாதியில் நடுங்கியது. எதிர் வாசலில் கிருபா எண்ணுவதை நிறுத்தினாள், அடுத்தடுத்த வாசல்களும் நிறுத்தின. அவர் வலி வருமென்று காத்திருந்தார். அது வருகிற வழியெல்லாம் அவருக்குத் தெரியும். வரவில்லை. குதிகால் முழு உயரத்துக்கும் போய் நின்றது.

வீடும் அவரோடு எழும்பியது. இதுவரை தாழ்த்தும்போது மட்டும் சொட்டுச் சொட்டாக எழும்பிய வீடு, இப்போது நாலு விரற்கடையும் ஒன்றாக, உள்ளே வந்த தண்ணீரையும் சுமந்துகொண்டு, ரோட்டுக்குச் சமமாக வந்தது. திண்டுக்கு அடியிலிருந்து அடித்துவந்த கட்டெறும்புகள், கட்டிலுக்கு அடியில் மிதந்த செருப்பு, அரிசி மணிகள் எல்லாவற்றோடும் தண்ணீர் குளியலறை வடிகுழாயைத் தேடிக்கொண்டு போய் வெளியேறியது. பால்துரை வீட்டிலிருந்து ஏச்சு நின்று, "இந்தா, நேராயிட்டு" என்று ஒரு குரல் மட்டும் கேட்டது.

தவசிமுத்து இன்னும் மேலேயே நின்றார்.

லிவிங்ஸ்டன் குடையை மடக்கிவிட்டதை மறந்து மழையில் நனைந்துகொண்டிருந்தார். "கண்டுட்டேன்வே, கண்டுட்டேன்! இறங்கும்."

"நீரு பேரை எழுதும்," என்றார் தவசிமுத்து. "எனக்கு இறங்க நேரமாகும்."